மண்வள அட்டையில் இல்லாத பதின்மூன்றாவது கட்டம்

இலை மஞ்சளானால் யூரியா. நுனி கருகினால் பூஞ்சாணக்கொல்லி. வளர்ச்சி குன்றினால் நுண்ணூட்டக் கலவை. ஊர் உரக்கடையில் இந்த மூன்று பதில்களும் எப்போதும் தயாராக இருக்கும். பெரும்பாலான வயல்களில் இவற்றில் ஏதாவது ஒன்று பலித்தும் விடுகிறது. ஆனால், பலிக்காத வயல்களும் இருக்கின்றன. அங்கே ஒரு மூட்டைக்கு இரண்டு மூட்டையாகப் போட்டாலும் பயிரில் பச்சை திரும்புவதில்லை. மருந்து மாற்றி மருந்து அடித்தும் கருகல் நிற்பதில்லை. கடைசியில் விவசாயி விதையைக் குறை சொல்கிறார், விதைக்காரர் தண்ணீரைக் குறை சொல்கிறார்.

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளிலும், திண்டுக்கல் சுற்றுவட்டாரத்திலும் பல ஆண்டுகளாகத் தொடரும் கதை இது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றிலும் ஓடையிலும் கலந்து, நிலத்தடி நீருக்குள் இறங்கி, கிணறு வழியாக வயலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இதன் அளவு பதிவாகியிருக்கிறது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகவும், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்ததாகவும் அதில் குறிப்பிடப்பட்டுள்ளது.

இவ்வளவு பெரிய பாதிப்பு பயிரின் உள்ளே எங்கே, எப்படி நடக்கிறது என்பது மட்டும் விவசாயிகளுக்கு இன்னும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அது தெரிந்தால்தான் எந்த இடுபொருள் பலிக்கும், எது வீண் செலவு என்று முடிவெடுக்க முடியும். பாதிப்பு தொடங்குவது இலையில் அல்ல. கண்ணுக்குத் தெரியாத வேர்ச் செல்லில்.

தோலில் போட்ட உப்பு

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் இருக்க முதலில் உப்பு தூவுகிறார்கள். உப்பு தோலில் உள்ள நீரை வெளியே இழுத்துவிடும். எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருப்பதும் இதே முறையில்தான். தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது.

அந்தத் தண்ணீர் வயலுக்கு வந்ததும் உப்பு தன் வேலையை மறப்பதில்லை. வேர்த்தூவி என்பது ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்த இழை. அந்தச் செல்லுக்குள் இருக்கும் கரைசல் வெளியில் உள்ள மண்நீரைவிட அடர்த்தியாக இருப்பதால்தான் தண்ணீர் உள்ளே நுழைகிறது. மண்நீரில் உப்பு ஏறிக்கொண்டே போனால் இந்த வேறுபாடு குறைகிறது. ஒரு கட்டத்தில் வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தும் செல்லால் உறிஞ்ச முடியாது. முந்தைய நாள் பாசனம் செய்த வயலில் காலையிலேயே பயிர் வாடி நிற்பதற்கு இதுவே காரணம். விவசாயி கண்ணுக்கு அது ஈர வயல்; செடிக்கு அது வறட்சி.

வறட்சி என்று உணர்ந்த செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் ஆவியாவது குறையும். கூடவே கரியமில வாயு உள்ளே வருவதும் குறையும். மாவுச்சத்துத் தயாரிப்பு தடைபடும். நஞ்சு எதுவும் உள்ளே போகும் முன்பே செடி பட்டினி கிடக்கத் தொடங்கிவிடுகிறது.

பொட்டாசியத்தின் வாசலில் சோடியம்

உப்பின் இரண்டாவது தாக்குதல் மெதுவாக நடப்பது. சாதாரண உப்பில் இருப்பவை சோடியமும் குளோரைடும். செடிக்குத் தேவையான பொட்டாசியமும் சோடியமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, நடத்தையிலும் நெருங்கியவை. பொட்டாசியத்துக்காகச் செல் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் சிலவற்றின் வழியாகச் சோடியமும் உள்ளே நுழைந்துவிடுகிறது. செல்லுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் இயங்கப் பொட்டாசியம் தேவை. அந்த இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்தால் நொதி வேலை செய்யாது. பூட்டுக்குள் நுழைந்தும் திருகாத சாவி போன்றது அது.

செல் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளப் பார்க்கிறது. தள்ள முடியாததைத் தன் நடுவில் இருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் பூட்டி வைக்கிறது. உப்பைத் தாங்கும் ரகங்களுக்கும் தாங்காத ரகங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தத் திறனில்தான் இருக்கிறது. ஆனால், தள்ளுவதற்கும் பூட்டுவதற்கும் ஆற்றல் செலவாகும். வருமானம் முழுவதும் வட்டிக்கே போகும் குடும்பம்போல, செடி தயாரிக்கும் உணவு காவலுக்கே செலவாகிறது. தூர் கட்டவும் கதிர் விடவும் மிச்சம் இருப்பதில்லை.

நீரோடு மேலேறும் உப்பு நீண்ட நாள் நீரை இழுத்துக்கொண்டிருக்கும் முதிர்ந்த இலைகளில்தான் அதிகம் சேரும். அங்கே பைகள் நிரம்பியதும் உப்பு செல்லின் உட்கரைசலுக்குள் கசிகிறது, செல் சாகிறது. எனவே, உப்புக் கருகல் கீழ் இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்நோக்கி நகரும். இது பூஞ்சாணம் அல்ல. பூஞ்சாணக்கொல்லி இதைத் தொடக்கூட முடியாது.

செல் சவ்வை உறுதியாக வைத்திருப்பதில் சுண்ணாம்புச் சத்துக்கு, அதாவது கால்சியத்துக்குப் பங்கு உண்டு. சோடியம் மிகும்போது சவ்வில் இருக்கும் கால்சியத்தை அது விலக்கிவிடுகிறது. சவ்வு ஓட்டை விழுந்த சாக்குபோல் ஆகி, உள்ளே சேர்த்து வைத்த பொட்டாசியமும் வெளியே கசிகிறது. மண்ணிலும் இதே நிகழ்ச்சிதான். களித்துகள்களைக் கொத்தாகப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தைச் சோடியம் விலக்கியதும் மண் சேறாகக் கரைந்து, காய்ந்தால் கல்லாக இறுகுகிறது. காற்று புகாத மண்ணில் வேர் சுவாசிக்க முடியாது. சுவாசம் இல்லாவிட்டால் சோடியத்தை வெளியே தள்ளும் ஆற்றலும் இல்லை. நிலம் களராவதும் செல் சாவதும் ஒன்றுக்கொன்று துணை போகின்றன.

குரோமியம் நுழையும் வழி

தோல் பதனிட இன்று பெரும்பாலும் பயன்படுவது குரோமியம் சல்பேட். அதில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். இது மண்ணில் எளிதில் கரையாது. களித்துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் இதனால் வேருக்கு வரும் தீங்கு ஒப்பளவில் குறைவு. ஆனால், மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் இதில் ஒரு பகுதியை ஆறு இணைதிறன் குரோமியமாக மாற்றிவிட முடியும். இது நீரில் நன்றாகக் கரையும், நிலத்தடி நீரோடு நகரும், நஞ்சுத்தன்மையும் மிக அதிகம். குரோமேட் உப்புகளைத் தயாரிக்கும் ஆலைகளின் கழிவுக் குவியல்களில் இருந்து கசிவதும் இதுதான்.

ஆறு இணைதிறன் குரோமியம் கரைசலில் குரோமேட் என்ற வடிவில் இருக்கும். அமைப்பில் அது கந்தகச் சத்தான சல்பேட்டை ஒத்திருக்கும். சல்பேட்டை உள்ளே கொண்டுவரும் கடத்திகள் ஆளை அடையாளம் தெரியாமல் குரோமேட்டையும் கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே வந்ததும் செல் அதை மூன்று இணைதிறனாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் போக்கில் ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் உருவாகின்றன. அவை செல் சவ்வில் உள்ள கொழுப்பைத் தாக்குகின்றன. நாள்பட்ட கடலை எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதும் கொழுப்பு இப்படி ஆக்சிஜனால் சிதைவதால்தான். எண்ணெயில் பல வாரங்களில் நடப்பது வேர்ச் செல்லின் சவ்வில் மிக விரைவாக நடக்கிறது. புரதங்களும், மரபுப் பொருளான டி.என்.ஏ.வும் சேதமாகின்றன.

அதிகம் அடிபடுவது வேர் நுனி. இடைவிடாமல் செல்கள் பிரிந்து பெருகும் இடம் அது. அங்கே பிரிதல் தடைபட்டால் வேர் நீளாது, பக்க வேர் குறையும், தூவி உதிரும். வேர் குட்டையாகி, பழுப்பேறி, தடித்துப்போகும். அப்படிப்பட்ட வேரால் இரும்பையும் மற்ற சத்துகளையும் போதிய அளவு எடுக்க முடியாது. பச்சையம் உருவாவது குறையும். இலை மஞ்சளாகும்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. செடி எடுத்துக்கொள்ளும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. வேர்ச் செல்களின் பைகளுக்குள் பூட்டப்படுகிறது. தண்டுக்கும் இலைக்கும் போவது குறைவு. தானியத்துக்குப் போவது அதைவிடக் குறைவு. ஆகவே, மாசுபட்ட பகுதியில் விளைந்தது எல்லாமே விஷம் என்று பேசுவது சரியல்ல. வேரையோ கீரையையோ நேராக உண்ணும் பயிர்களில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

யூரியா ஏன் பலிக்கவில்லை

மஞ்சள் இலைக்குக் காரணம் மண்ணில் தழைச்சத்து இல்லாதது என்றால் யூரியா பலிக்கும். வேர் நுனி செத்துப்போனதால் வரும் மஞ்சளுக்கு யூரியா என்ன செய்யும்? பரிமாறச் சோறு இருக்கிறது. சாப்பிட வாய்தான் இல்லை. போட்ட உரம் மண்நீரில் கரைந்து உப்பின் அடர்த்தியை இன்னும் கூட்டும். களர் நிலத்தில் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் யூரியாவின் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். பொட்டாஷ் தேவை என்று மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போட்டால், ஏற்கெனவே குளோரைடு மிகுந்த மண்ணில் மேலும் குளோரைடு சேரும்.

களர் நிலத்துக்கு வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதல் தழைச்சத்தும் துத்தநாக சல்பேட்டும் பரிந்துரைக்கப்படுவது உண்மைதான். ஆனால், அது நிலத்தைச் சீர்திருத்திய பிறகு, பல தவணையாகப் பிரித்துக் கொடுப்பதற்கான பரிந்துரை. சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கொடுப்பதற்கு அல்ல.

அடையாளம் காண்பது எப்படி?

வயலில் நின்று சில கேள்விகளைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். மஞ்சள் வயல் முழுவதும் சீராக இருக்கிறதா, அல்லது வாய்மடை ஓரத்திலும் தாழ்வான மூலையிலும் திட்டுத்திட்டாக இருக்கிறதா? அதே கிணற்றுத் தண்ணீர் பாயும் வேறு பயிரும் வாடுகிறதா? நோய் என்றால் பொதுவாக ஒரு பயிரையோ அதன் இனத்தையோதான் தாக்கும். கத்தரியும் கரும்பும் களையும் ஒன்றாகக் கருகினால் சந்தேகம் தண்ணீர்மீதும் மண்மீதும் திரும்ப வேண்டும். வாடிய செடியையும் நல்ல செடியையும் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசி, வேர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வெள்ளை நுனியும் தூவியும் எதில் இருக்கிறது என்பது உடனே தெரியும்.

அடுத்தது செலவில்லாத நான்கு தொட்டிச் சோதனை. அடியில் துளையிட்ட நான்கு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டியில் பாதிப்பில்லாத இடத்து மண், அதற்கு மழைநீர் அல்லது நல்ல தண்ணீர். இரண்டாவதில் அதே நல்ல மண், ஆனால் உங்கள் கிணற்று நீர். மூன்றாவதில் உங்கள் வயல் மண், நல்ல தண்ணீர். நான்காவதில் உங்கள் மண், உங்கள் நீர். ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு விதைகளை ஊன்றுங்கள். பச்சைப்பயறு உப்பைத் தாங்காத பயிர் என்பதால் விரைவில் காட்டிக்கொடுக்கும். பதினைந்து நாளில் முளைப்பையும் உயரத்தையும் வேரையும் ஒப்பிடுங்கள்.

முதல் தொட்டி நன்றாக இருந்து இரண்டாவது குன்றினால் குற்றம் தண்ணீரில். மூன்றாவது குன்றினால் மண்ணில் ஏற்கெனவே கோளாறு இருக்கிறது. மூன்றாவது தேறி, நான்காவது மட்டும் குன்றினால் நல்ல நீரால் நிலம் பிழைக்கும் என்று பொருள். நான்குமே நன்றாக இருந்தால் நோய், நூற்புழு, சத்துக் குறைபாடு என்று வேறு காரணம் தேடலாம். ஒரு எச்சரிக்கை: நல்ல மண்ணில் உப்பு சேர நாளாகும். இரண்டாவது தொட்டி பதினைந்து நாளில் தப்பித்துவிட்டது என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. தண்ணீரைத் தனியாகப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

தண்ணீரோடு வரும் மூட்டைகள்

நீரின் உப்பை மின்கடத்துத்திறன் என்ற அளவால் சொல்கிறோம், அலகு டெசிசைமன். பாசன நீரில் இது 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை கவனம் தேவை; 3-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு வேண்டும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

இதை மூட்டைக் கணக்கில் பார்ப்போம். 1 டெசிசைமன் என்றால் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு. உங்கள் கிணற்று நீர் 2 டெசிசைமன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு முறை பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதோடு சுமார் 255 கிலோ உப்பு வயலில் இறங்குகிறது. 50 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டை. நெல்லுக்கு இருபது முறை பாய்ச்சினால் நூறு மூட்டை. மழையும் வடிகாலும் இதில் ஒரு பகுதியைக் கழுவிக்கொண்டு போகும். போகாதது வேரடியில் தங்கும்.

இந்தக் கணக்கோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தில் விடக் கரைந்த உப்புக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அது ஏறத்தாழ 3.3 டெசிசைமன். அதாவது, விதிக்கு உட்பட்ட நீரே பயிர்ச் செல்லின் கணக்கில் கடும் கட்டுப்பாட்டு வரிசையில் வருகிறது. “விதிப்படி சுத்திகரித்த தண்ணீர்தானே, தாராளமாகப் பாய்ச்சுங்கள்” என்று யாராவது சொன்னால் விவசாயி இந்த எண்ணைக் கேட்க வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு போகாது. அதற்கு எதிர் சவ்வூடு பரவல் போன்ற தனி முறை வேண்டும்.

பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு மாறும். மண்ணைத் தண்ணீரால் நிறைத்து வடித்த சாற்றில் அளந்தால், பீன்ஸுக்கு 1, வெங்காயத்துக்கு 1.2, கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் 1.7, நெல்லுக்கு 3, நிலக்கடலைக்கு 3.2, சோளத்துக்கு 6.8, பருத்திக்கு 7.7 டெசிசைமன் வரை விளைச்சல் பெரிதாகக் குறையாது. அதைத் தாண்டினால் நெல்லில் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும். நிலக்கடலையில் அதே ஒரு டெசிசைமனுக்கு 29 சதவீதம்வரை சரியும். நமது ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் மண்ணோடு இரண்டு மடங்கு அல்லது இரண்டரை மடங்கு நீர் சேர்த்து அளக்கிறார்கள். அதில் எண் குறைவாகத்தான் தெரியும். எந்த முறையில் அளந்தது என்று கேட்காமல் இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள்.

விவசாயி கையில் இருப்பவை

ஆற்றில் கழிவு விடுவதை ஒரு விவசாயியால் தனியாக நிறுத்த முடியாது. ஆனால், தன் வயலில் சேதத்தைக் குறைக்கச் சில வழிகள் உண்டு.

முளைக்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும் செல் மிக மென்மையானது. கைவசம் இருக்கும் மழைநீரையும் ஏரி நீரையும் அந்தப் பருவங்களுக்கு ஒதுக்குங்கள். உப்பு நீரை வேறு வழியில்லாதபோது நல்ல நீரோடு கலந்து பயன்படுத்தலாம். தெளிப்பு நீர் முறையில் உப்பு நேரடியாக இலையில் படியும், தவிர்க்கவும். சொட்டுநீர் நல்லது. ஆனால், அதில் உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் படிந்திருக்கும். லேசான மழை பெய்தால் அது வேருக்குத் திரும்பி வரும். எனவே, தூறல் நாளில் சொட்டுநீரை நிறுத்தக் கூடாது.

ஜிப்சம் எல்லா உப்பு நிலத்துக்கும் மருந்தல்ல. சோடியம் மிகுந்த களர் நிலத்துக்குத்தான் அது பலன் தரும். வெறும் உவர் நிலம் என்றால் நல்ல நீரைத் தேக்கி வடிப்பதே சிகிச்சை. எத்தனை கிலோ ஜிப்சம் என்பதை மண் ஆய்வின் ஜிப்சம் தேவை அளவு சொல்லும். போட்டு உழுது, நீரைத் தேக்கி, வடிய விட வேண்டும். வடிகால் இல்லாமல் போட்ட ஜிப்சம் வீண். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் மண்ணுக்கும் செல் சவ்வுக்கும் உதவும். அதிலுள்ள சல்பேட் குரோமேட்டுடன் போட்டியிட்டு வேருக்குள் அது நுழைவதையும் ஓரளவு குறைக்கும்.

தொழு உரம், மட்கு, தக்கைப்பூண்டு ஆகிய மூன்றையும் விடாதீர்கள். கரிமப் பொருள் ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தீங்கு குறைந்த மூன்று இணைதிறனாக மாற்ற உதவுகிறது. தக்கைப்பூண்டு களரிலும் வளர்ந்து மண்ணைத் திறக்கும். நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. குரோமியம் இருப்பது உறுதியான நிலத்தில் முள்ளங்கி, கேரட், கீரை வேண்டாம். பருத்தியும் மரப்பயிர்களும் பொருத்தமானவை. சுத்திகரிப்பு நிலையத்தின் கசடை இலவச எரு என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு முறை வயலில் கலந்த உலோகத்தைத் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது.

அட்டை சொல்லாதது

இனி அரசு செய்ய வேண்டியது. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 கட்டங்கள் இருக்கின்றன. தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்துத்திறன், கரிமச்சத்து. பன்னிரண்டும் தேவையானவைதான். ஆனால், பெரும்பாலான கட்டங்கள் ‘என்ன குறைகிறது’ என்று கேட்கின்றன. ‘எது கூடாமல் கூடியிருக்கிறது’ என்ற கேள்வி கிட்டத்தட்ட இல்லை. சோடியம் இல்லை, குரோமியம் இல்லை, காட்மியம் இல்லை. கிணற்று நீருக்கு இடமே இல்லை. மாசுபட்ட வயலின் அட்டையிலும் கடைசி வரி உரப் பரிந்துரையாகவே முடிகிறது. அந்த வரியை நம்பித்தான் விவசாயி மீண்டும் உரக்கடைக்குப் போகிறார்.

மாநிலம் முழுவதும் ஒவ்வொரு வயலிலும் உலோகம் அளக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அது தேவையும் இல்லை. மாசு எங்கே என்று ஏற்கெனவே தெரிந்த வட்டாரங்களில் மட்டும் பதின்மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கட்டும்: மண்ணில் சோடியம் சதவீதமும் குரோமியமும், கூடவே பாசனக் கிணற்றின் உப்பு அளவும். உலோகத்தை அளக்கும் கருவிகள் வட்டார ஆய்வுக்கூடங்களில் இல்லை என்பது நியாயமான பதில்தான். வேளாண் பல்கலைக்கழகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் அவை இருக்கின்றன. மாதிரி எடுப்பதை வேளாண் துறையும், அளப்பதை அவர்களும் பகிர்ந்துகொள்ளத் தடை என்ன?

அதுவரை வேளாண் உதவி அலுவலர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவு மானி ஒரு மூட்டை டி.ஏ.பி. விலைக்குள் கிடைக்கிறது. கோடையில் ஒரு முறை, பருவமழைக்குப் பின் ஒரு முறை என்று கிராமத்துக்குப் பத்துக் கிணறுகளை அளந்து நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், இரண்டு ஆண்டில் எந்த உத்தரவும் தராத ஒரு வரைபடம் கையில் இருக்கும்.

விவசாயிகளிடம் ஒரு தயக்கம் இருப்பதும் தெரியும். ‘குரோமியம் இருக்கிறது என்று தாளில் எழுதிவிட்டால் நிலத்தின் விலை போய்விடும், நெல்லை வாங்க மாட்டார்கள்’ என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால், எழுதாமல் இருப்பதன் விலை என்ன? 1996 தீர்ப்பு மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்து, இழப்பீட்டை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்கவும் வழி செய்தது. அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஏறத்தாழ 29 ஆண்டுகள். இழப்பீடு கேட்கும் இடத்தில் ‘பயிர் வாடியது’ என்ற வாய்மொழி நிற்காது; எந்தத் தேதியில், எந்தக் கிணற்றில், எவ்வளவு என்ற எண்தான் நிற்கும். பெரும்பகுதி குரோமியம் வேரோடு நின்றுவிடுகிறது என்று சொல்லி நெல்லுக்கு வாங்குபவரைச் சமாதானப்படுத்தவும் அதே ஆய்வுத் தாள்தான் வேண்டும்.

தோல் தொழிலை நம்பியும் அதே ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. தொழிலை மூடச் சொல்வது இந்தப் பக்கத்தின் நோக்கமல்ல. தோலில் போட்ட உப்புக்கான செலவை வேர்ச் செல்லின் தலையிலும், அந்தச் செல்லை நம்பியிருக்கும் விவசாயியின் தலையிலும் கட்டக் கூடாது என்பதுதான் கோரிக்கை. அடுத்த முறை இலை மஞ்சளானால், உரக்கடைக்குப் போகும் முன் ஒரு பாட்டில் கிணற்று நீரோடும் ஒரு பை மண்ணோடும் ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள். முடிவைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.